தராசுக்குப் பின்னால் ஒரு தொட்டில்



விற்பனை வரி, எடைக்கல் முத்திரை, உணவு உரிமம், தொழில் வரி என்று நம் இதழில் தொடர்ந்து எழுதி வருகிறோம். இம்முறை கடைக்கு உள்ளேயே இருக்கிற ஒரு சங்கதியை எடுத்துக்கொள்வோம். ஆனைக்குட்டம், ஆமத்தூர், திருத்தங்கல் வட்டாரத்தில் சின்ன மளிகைக் கடை எதற்குள் நுழைந்தாலும், உத்திரத்தில் ஒரு சேலைத் தொட்டில் தொங்கும். ஒரு பக்கம் துவரம்பருப்பு மூட்டை, மறு பக்கம் மண்ணெண்ணெய் வாடை மாறாத பழைய தகரம், மேலே கொசுவர்த்திப் பெட்டி. நடுவில் பிள்ளை உறங்கும். கடைக்காரரின் வீட்டம்மா ஒரு கையால் தொட்டில் கயிற்றை ஆட்டிக்கொண்டே மறு கையால் அரைக் கிலோ சீனியைப் பொட்டலம் கட்டுவார்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை தவழத் தொடங்கிவிட்டால் கதை வேறு. வத்தல் நெடி, எலி மருந்து, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி, வாசலில் வந்து நிற்கும் சரக்கு வண்டி என்று எத்தனையோ இருக்கின்றன. தவழுகிற பிள்ளையைக் கண்ணில் வைத்துக்கொண்டு எந்தக் கடையும் சரியாக ஓடாது. கடையைக் கண்ணில் வைத்துக்கொண்டால் பிள்ளை என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர் வியாபாரத்தின் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டாசு ஆலை வேன்கள் காலையில் வந்து பெண்களை ஏற்றிச் செல்லும் நேரத்தில்தான் பால், காப்பித்தூள், வெற்றிலை, ஷாம்பு சாசே எல்லாம் பறக்கும். மாலையில் அதே வேன்கள் திரும்பும்போது அரிசி, பருப்பு, காய்கறி விற்கும். கடைக்காரர் கொள்முதலுக்கு விருதுநகர் போயிருப்பார். கல்லாவில் இருப்பது மனைவிதான். பேரேட்டில் அவர் பெயர் இருக்காது, சம்பளக் கணக்கிலும் இருக்காது. ஆனாலும் நம் சிறுகடைகளில் பாதிக்கு மேல் அவர்கள் கையால்தான் நடக்கின்றன என்றால் மறுப்பவர் இருக்க மாட்டார்கள்.

முன்பு வீட்டில் ஆத்தா இருந்தார், அப்பத்தா இருந்தார். இப்போது அவர்களும் வேலைக்குப் போகிறார்கள், அல்லது மூத்த மகனோடு திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். பிள்ளை பார்க்க ஆள் வைக்கலாம் என்றால், கடைப் பையனுக்குக் கொடுக்கிற சம்பளத்தைக் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை, அதுவும் உழைப்புத்தான். கொடுக்கத்தான் நம் கடையில் வரும்படி இல்லை.

அப்படியானால் அரசாங்கத்தின் உதவி ஏதும் உண்டா? உண்டு. நம்மில் பெரும்பாலோர் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, பெண்கள் கூடுதலாக வேலை பார்க்கும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. முதலில் 50 பெண்களுக்கு மேல் என்றிருந்ததை 1976-ல் 30 என்று குறைத்தார்கள். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேர் வேலை பார்க்கும் எந்த நிறுவனமானாலும், ஆலையோ கடையோ, காப்பக வசதி செய்ய வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றார்கள். அதே திருத்தத்தில்தான் பிரசவ விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. 2020-ல் இயற்றி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த 50 பேர் என்ற அளவே தொடர்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் ஜவுளிக் கடை, நகைக் கடை உறுப்பினர்கள் பிரசவ விடுப்பு விதியை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. அது ஐம்பது பேருக்கான விதி அல்ல.

நம் மளிகைக் கடையில் மூன்று பேர், நான்கு பேர். ஆகவே இந்தச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. அதே காரணத்தால் நமக்கு உதவவும் இல்லை. ஆனால் புதிய சட்டத் தொகுப்பில் ஒரு வாசகம் இருக்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டுப் பொதுக் காப்பகம் நடத்திக்கொள்ளலாம், அரசு அல்லது நகராட்சி நடத்தும் காப்பகத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறது. ஒரு பஜாரில் நூறு கடை இருக்கிறதென்றால், இந்த வாசகம் யாருக்காக எழுதியது என்று நாம் யோசிக்க வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சட்டம் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வை என்கிறது. நூற்பாலைக்கு அது சரி, தேயிலைத் தோட்டத்துக்கும் சரி. பட்டாசு ஆலைக்கு? மருந்து கலக்கும் அறையிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டினாலும், அந்த வளாகத்தில் கைக்குழந்தையை வைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? நம் வட்டாரத்தில் வெடிவிபத்துச் செய்தி இல்லாமல் ஓர் ஆண்டு கழிந்ததாக நினைவில்லை. எனவே இங்கே காப்பகம் இருக்க வேண்டிய இடம் ஊருக்குள்தான். ஊருக்குள் வந்துவிட்டால் அது ஆலைப் பெண்ணின் பிள்ளைக்கு மட்டுமல்ல, கடைக்காரர் பிள்ளைக்கும் சேர்த்தே ஆகிவிடும். நம் கோரிக்கையும் ஆலைத் தொழிலாளர் கோரிக்கையும் ஒன்றாகிற இடம் இது. அவர்கள்தான் நம் வாடிக்கையாளர்கள் என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

காப்பகம் இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதை நம் மாவட்டம் நன்றாக அறியும். கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவார்கள். தம்பி வளர்ந்ததும் அவள் திரும்பப் பள்ளிக்குப் போக மாட்டாள், தீப்பெட்டி ஒட்டப் போவாள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் ரூ.20,000 கட்ட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நிலைமை பெரிதும் மாறிவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் தொட்டிலை ஆட்டுவதற்காக வீட்டில் நிற்கும் பெண் பிள்ளையை எந்த ஆய்வாளரும் வந்து கணக்கெடுப்பதில்லை. நம் உறுப்பினர் வீடுகளிலும் அப்படி நிற்கும் பிள்ளைகள் உண்டு. "இன்றைக்கு ஒரு நாள் லீவு போடு தாயி, அப்பா பேட்டைக்குப் போகணும்" என்று தொடங்குவதுதான்.

இனி அரசுத் திட்டத்துக்கு வருவோம். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கென்று 2006-ல் ராஜீவ் காந்தி பெயரில் தேசியக் காப்பகத் திட்டம் வந்தது. 2017-ல் அதைத் தேசியக் காப்பகத் திட்டம் என்று மாற்றி மாநிலங்கள் வழியாக நடத்தினார்கள். 2022 ஏப்ரல் முதல் மிஷன் சக்தி என்ற பெரிய திட்டத்துக்குள் 'பால்னா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பால்னா என்றால் இந்தியில் தொட்டில். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை பிள்ளைகளைச் சேர்க்கலாம். ஒரு காப்பகத்துக்கு 25 பிள்ளைகள். மாதம் 26 நாள், நாளைக்கு ஏழரை மணி நேரம். உறங்க வசதி, உணவு, மூன்று வயதுக்கு மேல் முன்பருவக் கல்வி, எடை பார்த்தல், தடுப்பூசி எல்லாம் உண்டு. இருக்கிற அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்த்து நடத்தும் முறையும் இதில் உள்ளது. நாடு முழுவதும் அப்படி 17,000 என்று இலக்கு வைத்தார்கள். செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒரு வரி. முன்பு 'வேலைக்குப் போகும் தாய்' என்று இருந்தது. அதனால் கடைக்காரர் மனைவி போய்க் கேட்டால், "எங்கே வேலை பார்க்கிறீர்கள், சம்பளச் சீட்டு உண்டா?" என்ற கேள்வி வரும். பால்னா விதிகளில், தாய் வேலைக்குப் போகிறாரா இல்லையா என்று பார்க்காமல் எல்லாத் தாய்மாருக்கும் வசதி உண்டு என்று சொல்லிவிட்டார்கள். நம் உறுப்பினர் ஒருவரின் மனைவி ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது, "உங்களுக்கென்னம்மா, சொந்தக் கடை இருக்கே" என்று சிரித்து அனுப்பியிருக்கிறார்கள். சொந்தக் கடை இருப்பது தகுதிக் குறைவு என்று அந்த விதியில் எங்கும் இல்லை. அடுத்த முறை சிரித்தால், விதியைக் காட்டச் சொல்லி நாமும் சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

கட்டணம் ஒன்றும் பெரிதல்ல. 2017-ல் திருத்திய திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்குப் பிள்ளை ஒன்றுக்கு மாதம் ரூ.20, மாத வருமானம் ரூ.12,000 வரை ரூ.100, அதற்கு மேல் ரூ.200 என்று வைத்தார்கள். தனியார் மழலையர் பள்ளியில் ஒரு மாதத்துக்கு வாங்குவதை நாம் அறிவோம்.

அங்கன்வாடி இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். நம் மாநிலத்து அங்கன்வாடியை நாம் குறைத்துப் பேச மாட்டோம். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் தொடங்கினார். இன்றைக்கும் முட்டையும் சோறும் கிடைக்கிறது. ஆனால் அங்கே பிள்ளையை விட இரண்டு வயது முடிய வேண்டும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரைதான் கடையில் தொட்டில் தொங்குகிறது. அந்த ஒன்றரை ஆண்டுக்குச் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்கு வரும், பிள்ளையைப் பார்க்க ஆள் வராது.

நேரக் கணக்கும் ஒன்று இருக்கிறது. காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடினால் நமக்கும் பயனில்லை, ஆலைப் பெண்களுக்கும் பயனில்லை. தாய்மாரின் வேலை நேரத்தை ஒட்டிக் காப்பக நேரத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கம். ஆகவே மனுவில் நேரத்தையும் எழுத வேண்டும். காலை ஆறரைக்குத் திறந்தால் ஏழரை மணி நேரம் பிற்பகல் இரண்டுக்கு முடிந்துவிடும். அதன் பிறகு மாலை வரை ஒரு கூடுதல் ஆயாவுக்குச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளத்தை அரசாங்கம் தராது. அதை ஊரார் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். இங்கேதான் நம் சங்கத்துக்கு வேலை.

பிள்ளை வளர்க்க அரசாங்கத்திடம் கை நீட்டுவதா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அண்ணாச்சிமார்களிடம் மரியாதையோடு ஒன்று சொல்வோம். விருதுநகர் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்துத்தான் 1889-ல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். காமராஜர் படித்த பள்ளி. பெண்களுக்குப் பள்ளி வேண்டும் என்றபோது, வீட்டில் உலை வைக்கிற அரிசியில் ஒரு பிடி எடுத்து வைத்து அதைச் சேர்த்து நடத்தினார்கள். பிடியரிசிப் பள்ளி என்றால் இன்றைக்கும் ஊரில் தெரியும். அவர்கள் தங்கள் பங்கைப் போட்டார்கள், பிறகு அரசின் மானியத்தையும் வாங்கினார்கள். மானியம் வாங்கியதால் அவர்கள் மானம் போய்விடவில்லை.

இன்னும் சொல்லப்போனால், கல்லாவில் நாம் வாங்கி அரசுக்குக் கட்டும் சரக்கு சேவை வரிக்குச் சம்பளம் கேட்காத வசூல்காரர்கள் நாம்தான்.

வெளிநாட்டில் எப்படி என்று ஒரு வரி. லண்டனில் மளிகைக் கடை வைத்திருக்கும் இலங்கைத் தமிழர் பலரை நம்மவர்கள் அறிவார்கள். அங்கே சுயதொழில் செய்பவரும் காப்பகச் செலவுக்கென்று அரசின் கணக்கு ஒன்றைத் தொடங்கலாம். 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கும், ஒரு பிள்ளைக்கு ஆண்டில் 2,000 பவுண்டு வரை. கடைக்காரரையும் உழைக்கும் பெற்றோர் என்றே அந்தத் திட்டம் கணக்கில் எடுக்கிறது. நம் ஊரில் உழைப்பவர் என்றால் சம்பளக்காரர், வியாபாரி என்றால் வசதிக்காரர் என்ற எண்ணம் அலுவலகங்களில் ஊறிக்கிடக்கிறது.

இந்த எண்ணம் எங்கெல்லாம் விதியாகவே மாறுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் ரூ.1,000 என்றார்கள். கூடவே, ஆண்டுக்கு ரூ.50 லட்சத்துக்கு மேல் விற்பனை செய்து சரக்கு சேவை வரி கட்டும் தொழில் உரிமையாளர் குடும்பத்துக்கு இல்லை என்றும் விதி வகுத்தார்கள். ரூ.50 லட்சம் என்றால் கேட்பவர் வாயைப் பிளப்பார். கணக்குப் போடுங்கள். ஆண்டில் 300 நாள் என்றால் நாளைக்கு சுமார் ரூ.16,700 விற்பனை. பருப்பு, எண்ணெய் மொத்தமாகத் தள்ளுகிற சின்னக் கமிஷன் கடையில் செலவு போக நூற்றுக்கு இரண்டு நின்றால் அதிர்ஷ்டம். ரூ.50 லட்சத்துக்கு இரண்டு சதவீதம் ரூ.1 லட்சம். மாதத்துக்கு ரூ.8,300 சொச்சம். மாதம் ரூ.20,000 சம்பளம் வாங்கும் வீட்டுக்குத் தகுதி உண்டு, ரூ.8,300 மிஞ்சும் வீட்டுக்கு இல்லை. விற்றுமுதலை வருமானமாக எண்ணுகிற இந்தக் கணக்கு, நாளை காப்பகத்துக்கும் வேறு உதவிக்கும் வருமானம் பார்க்கும்போது திரும்ப வரும். அப்போது நாம் தயாராக இருக்க வேண்டும்.

தயாராக இருப்பது என்றால் காகிதம்தான். குடும்ப அட்டை, ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் ரூ.60 கட்டி விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் கடைப் பலகையைப் பார்த்து வருமானத்தை மதிப்பிட விடாதீர்கள். கொள்முதல் சிட்டை, வாடகை ரசீது, மின்கட்டண ரசீது, வரிக் கணக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு போய்ச் செலவு போக மிஞ்சுவதைக் காட்டுங்கள். இந்தச் சான்று வேறு இடங்களிலும் உதவும். தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்கையில் கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடத்துக்கு, ஆண்டு வருமானம் ரூ.2 லட்சத்துக்குக் கீழே இருந்தால் விண்ணப்பிக்கலாம். 2025-26-ல் மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் அந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது வேறு கதை. சான்றைக் கையில் வைத்திருந்தவர்கள் அறிவிப்பு வந்தவுடன் போட்டார்கள்.

வீட்டில் கருவுற்றவர் இருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியையும் விட்டுவிடக் கூடாது. ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து ரூ.18,000 மதிப்பு. கிராம சுகாதார செவிலியரிடம் தொடக்க மாதங்களிலேயே பதிவு செய்ய வேண்டும். கடைசி மாதத்தில் ஓடினால் தவணை போய்விடும்.

வணிகர் நல வாரியத்தைப் பற்றியும் ஒரு சொல். 1989-ல் அமைத்த வாரியம் அது. உறுப்பினர் இறந்தால் குடும்ப நல நிதி உண்டு, மருத்துவ உதவி உண்டு, தீ விபத்துக்கு உதவி உண்டு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு. பிள்ளை கல்லூரிக்குப் போகும் வரை பொறுத்திருந்தால் கிடைக்கும், தொட்டிலில் இருக்கும்போது எதுவும் இல்லை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள சிறுவணிகர் குடும்பத்துக்குக் காப்பகக் கட்டணத்தில் ஒரு பகுதியையாவது வாரியம் ஏற்க வேண்டும் என்று நம் மாநில அமைப்புகள் கேட்க வேண்டும். மே 5 வணிகர் தின மாநாடுகளில் எத்தனையோ தீர்மானம் போடுகிறோம். அந்த மேடைகளில் மகளிர் எத்தனை பேர் அமர்ந்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால், இந்தத் தீர்மானம் ஏன் இதுவரை வரவில்லை என்று புரியும்.

நடக்க வேண்டிய காரியத்துக்கு வருவோம். பால்னா காப்பகத்துக்குத் தனி ஆள் போய் விண்ணப்பம் போட்டுக் கட்டடம் வாங்கிவிட முடியாது. மாநில அரசு முன்மொழிந்தால்தான் மத்திய அரசு ஒப்புதல் தரும். மாநில அரசுக்குத் தேவை தெரிய வேண்டுமென்றால் மாவட்டத்திலிருந்து எழுத்து போக வேண்டும். அதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கூடுகிறது. நம் ஆட்கள் அன்றைக்குக் கடையை அடைக்க மனமில்லாமல் போவதே இல்லை. வீட்டுக்கு ஒருவராவது போய், ஆனைக்குட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் வேண்டும் என்று தீர்மானம் எழுத வைக்க வேண்டும். மற்றொன்று, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே மனு கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். நகலைக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் கொடுத்துவிட வேண்டும். மனுவில் 'ஆவன செய்யவும்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இத்தனை பேர், ஆலைக்குப் போகும் தாய்மார் இத்தனை பேர், கடையில் இருப்பவர் இத்தனை பேர் என்று வீடு வீடாகப் பெயர் எழுதிய பட்டியலை இணைக்க வேண்டும். கடன் நோட்டில் ஊர் முழுவதும் பெயர் வைத்திருக்கிற நமக்கு இந்தப் பட்டியல் எடுப்பது பெரிய வேலையா?

மனுவின் மாதிரியைச் சங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட வீட்டம்மாக்களே வர வேண்டும், அவர்கள் சார்பில் நாம் போடுவது வேண்டாம். மாலை நேரக் கூடுதல் ஆயாவின் சம்பளத்துக்குக் கடை ஒன்றுக்கு மாதம் எவ்வளவு மகமை என்பதைச் செயற்குழுவில் பேசி முடிக்கலாம். அங்கன்வாடியில் இடம் போதாது என்று சொல்வார்கள், அது எப்போதும் சொல்வதுதான். ஆகவே இடமும் நாமே பார்த்து வைப்பது நல்லது. காலியாகக் கிடக்கும் கிட்டங்கி யாரிடமாவது இருந்தால் தெரிவிக்கவும். ஓட்டுக் கூரையானாலும் பாதகமில்லை. தண்ணீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும், வாசல் மெயின் ரோட்டைப் பார்த்து இருக்கக் கூடாது, பக்கத்துக் கட்டடத்தில் பட்டாசுச் சரக்கு இருக்கவே கூடாது.